அகலம் பூஜ்ஜியம், உயரம் பூஜ்ஜியம்

1. ஒரு போன்

“அக்கா, நான் ஒங்களுக்கு எந்தப் போட்டோ அனுப்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

கடைக்கு வரும் போன்களில் பாதி சத்தத்தோடுதான் தொடங்கும். படம் இன்னும் வரவில்லை, ஃபிரேமில் கீறல் இருக்கிறது, பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய்விட்டது என்று கத்துவார்கள். இந்தப் பெண் சத்தம் போடவில்லை. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலை அடக்கிப் பேசினாள். பெயர் கவிதா. ஊர் சோரியாங்குப்பம். அவள் அம்மாவின் படத்திறப்புக்காக எங்கள் கடையில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு இஞ்சில் ஒரு படம் வாங்கியிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அப்போது மூன்று நாள் ஆகியிருந்தது.

“ஒன் போன்லயே இருக்குமேம்மா,” என்றேன்.

“கீதுக்கா. ஆனா எங்கப்பா நம்ப மாட்றாரு. எனுக்கே இப்ப சந்தேகமா கீது. நாலு போட்டோ எடுத்து வெச்சிருந்தன். மாத்தி அனுப்பிட்டனோ இன்னாவோன்னு...”

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

வெப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்பை எழுதுகிறேன். ஒரு படத்தின் அகலம் என்ன, உயரம் என்ன என்று ஸ்கிரிப்டில் கேட்பது ஒரே ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை நான் தப்பாக எழுதினேன். தப்பு என்று தெரிந்தபின் அதை மறைக்க இன்னொரு வரி எழுதினேன். அதன் பலனைச் சோரியாங்குப்பத்தில், நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண் அனுபவித்தாள்.

2. துணி கட்டிக் கொடுக்கும் கடை

வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது கடை. முதலாளி கஜேந்திரன் சாரின் அப்பா காலத்தில் அது மளிகைக் கடை. இவர் அதை ஸ்டூடியோவாக மாற்றி, பிறகு பெரிய பிரிண்டர் வாங்கிப் போட்டு, ஃபிரேம் வேலையும் சேர்த்துக்கொண்டார். கல்யாணப் படம், காது குத்துப் படம் எல்லாம் உண்டு. ஆனால் கடை நிற்பது படத்திறப்புப் படங்களால்தான். இறந்தவரின் படத்தை ஃபிரேம் போட்டு, காரியத்தன்று பந்தலில் துணியால் மூடி வைப்பார்கள். உறவு முழுக்கக் கூடிய பிறகு ஒரு பெரியவர் துணியை விலக்குவார். மாலை போட்டு விளக்கேற்றுவார்கள். அன்றுமுதல் அந்த வீட்டில் அவர் முகம் அந்தப் படம்தான்.

எங்கள் கடையில் மஞ்சள் துணியையும் நாங்களே கட்டி, மேலே பிரவுன் பேப்பர் சுற்றிக் கொடுப்போம். கஜேந்திரன் சார் கொண்டுவந்த பழக்கம் இது. “வூட்ல ஆளாளுக்குப் பிரிச்சிப் பாத்தா அப்பறம் இன்னாத்துக்குத் தெறப்பு?” என்பார். வீட்டுக்காரர்களுக்கும் இது பிடித்துப்போனது. ஆகையால் கடையை விட்டுப் போன படத்தைப் பந்தலில் துணி விலகும்வரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வெப் வேலை முழுவதும் நான்தான். ஒதியம்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போவேன். சாவு வீட்டுக்காரர்கள் பாகூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஒரு படத்துக்காக வில்லியனூர் வரை அலைய வேண்டாம் என்று ஒரு ஆர்டர் பக்கம் எழுதினேன். போனிலிருந்து படத்தை ஏற்றினால் போதும். படம் எங்கள் சர்வருக்கு வந்து, திரும்ப அவர்கள் திரையில் தெரியும். ஸ்கிரிப்ட் அதன் அகலத்தையும் உயரத்தையும் அளக்கும். ஃபிரேமைவிட அகலம் கூடுதலாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் சரியாக நறுக்கி பிரிண்டருக்கு அனுப்பும். பிரிண்ட் எடுப்பது ஐயனார். பாகூர்ப் பக்கத்துப் பிள்ளை, கையில் சுத்தமான வேலை.

3. அளப்பது

பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த பழக்கத்தில், அளவு என்றால் ஒரே அளவுதான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பிரவுசரில் அப்படியில்லை. விட்த் என்று கேட்டால் படம் அந்தத் திரையில் எவ்வளவு இடத்தில் நிற்கிறதோ அதைச் சொல்லும். மூவாயிரம் பிக்சல் படம் சின்ன போனில் முந்நூற்றைம்பது என்று வரும். அசல் அளவு வேண்டுமென்றால் நேச்சுரல்விட்த் என்று கேட்க வேண்டும். பழைய பிரவுசர் சிலவற்றுக்கு அந்தப் பெயரே தெரியாது. போனைப் படுக்கவைத்து எடுத்த படம் என்றால், ஒரு பிரவுசர் நிமிர்த்திவிட்டு அளவு சொல்லும், இன்னொன்று நிமிர்த்தாமல் சொல்லும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் பொல்லாதது நேரம். படம் முழுதாக இறங்குவதற்கு முன்னால் அளவைக் கேட்டால் பிரவுசர் பூஜ்ஜியம் என்று சொல்லும். அகலம் பூஜ்ஜியம், உயரம் பூஜ்ஜியம். பிழை என்று சிவப்பில் எதுவும் வராது. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னதுபோல் ஓர் எண் வந்து நிற்கும்.

முறைப்படி, படம் இறங்கியதும் பிரவுசரே கூப்பிட்டுச் சொல்லும் ‘ஆன்லோட்’ என்ற இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை பார்த்த படத்தை மறுபடி ஏற்றினால், ஒரு பழைய போனின் பிரவுசரில் ஆன்லோட் கூப்பிடவே இல்லை. காரணம் நான் எழுதிய ஸ்கிரிப்டில் இருந்தது. படத்தின் முகவரியை முதலில் கொடுத்துவிட்டு, ஆன்லோடைப் பிறகு கட்டியிருந்தேன். வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் முடிந்தது. உட்கார்ந்து யோசிக்கப் பொறுமை இல்லாமல் ஆன்லோடையே தூக்கிவிட்டு, அரை விநாடி பொறுத்து அளவைக் கேள் என்று எழுதினேன். கடை வைஃபையில், நான்கு பிரவுசரில், என் போனில், ஐயனார் போனில் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

இரண்டு வாரத்தில் கஜேந்திரன் சார் என் மேசைக்கு வந்து நின்றார்.

“இன்னாம்மா வளர்மதி, ஒன் பக்கம் கஸ்டமர வெரட்டுதே?”

“இன்னா சார் ஆச்சி?”

“‘படம் சரியில்லை, வேறு படம் அனுப்பவும்’னு வருதாம். மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. செத்த வூட்லேர்ந்து அனுப்புறான்மா. இருக்கறதே ஒரு படம். வேற படத்துக்கு எங்க போவான்? நேர்ல வந்தா நான் அப்டிச் சொல்லுவனா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மூன்று பேரும் சிக்னல் மெலிந்த ஊர்க்காரர்கள். அரை விநாடியில் அவர்களுக்குப் படம் வந்து சேரவில்லை. அளவு பூஜ்ஜியம் என்று வந்ததும், நான் முன்னால் எழுதி வைத்திருந்த எச்சரிக்கை பாய்ந்திருக்கிறது. அன்று நான் செய்திருக்க வேண்டியது, ஆன்லோடை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவருவது. அதற்கு அரை நாள் பிடிக்கும். சாருக்கு உடனே வேண்டும். எனக்கோ, அவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார் என்று சுள்ளென்றிருந்தது. அந்தக் கோபத்தோடு ஒரு வரி எழுதினேன். அளவு பூஜ்ஜியம் என்று வந்தால், பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்று வைத்துக்கொண்டு மேலே போ.

எச்சரிக்கை நின்றது. போன்களும் நின்றன. “இப்ப கரெக்டா போவுதும்மா” என்று சார் பாராட்டினார். நானும் அந்தப் பாராட்டைச் சிரித்தபடியே வாங்கிக்கொண்டேன்.

4. இரண்டு முகம்

கவிதாவின் போனுக்குப் பிறகு சர்வரில் அவள் ஆர்டரைத் திறந்தேன். அவள் அனுப்பியது ஒரே படம். ஏதோ விசேஷத்தில் எடுத்தது, பெரிய படத்திலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்திருந்தாள். பச்சைப் புடவை, கன்னம் நிறைந்த முகம், யாரையோ பார்த்துச் சிரித்தபடி. ஆயிரம் பிக்சல் அகலம், ஆயிரத்து இருநூறு உயரம்.

பிறகு பிரிண்டுக்குப் போன ஃபைலைத் திறந்தேன். அதே பச்சைப் புடவை. அதே சிரிப்பு. ஆனால் கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, தோள் குறுகி இருந்தது. நோய்ப்பட்டுத் தேறாத ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் என்ன நடந்தது என்று சர்வர் எழுதிவைக்கும் லாகைப் பார்த்தேன். அகலம் பூஜ்ஜியம், உயரம் பூஜ்ஜியம். ஃபிரேமின் அளவில்தான் படம் இருக்கிறது என்று என் வரி பொய் சொல்லியிருக்கிறது. ஓரத்தை நறுக்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டு, படத்தை அப்படியே அமுக்கி ஃபிரேமுக்குள் திணித்திருக்கிறது. அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கவிதாவின் போன் திரையில் காட்டிய மாதிரிப் படம் இந்த அளவை நம்பாமல் பிரவுசரே ஃபிரேமுக்குப் பொருத்திக் காட்டுவது, அதில் ஓரம் ஒழுங்காக நறுக்கித் தெரிந்திருக்கும். அவள் பார்த்து, சரி என்று அழுத்தியிருக்கிறாள். அவள் பக்கம் ஒரு தப்பும் இல்லை.

ஐயனாரைக் கூப்பிட்டேன்.

“இதப் பிரிண்ட் எடுக்கறப்ப ஒனக்கு ஒண்ணும் தோணலியாடா?”

அவன் நெடுநேரம் பார்த்தான். “நான் பாத்தங்க்கா. எங்கூருக்குப் பக்கம்தான். அஞ்சலாட்சி அம்மா. கிட்னி போயி ரெண்டு வருசமா வாரத்துக்கு ரெண்டு வாட்டி பாண்டிக்கு டயாலிசிசுக்குப் போயிகினு வந்துகினு இருந்தாங்க. கடைசில இப்டித்தாங்க்கா இருந்தாங்க. அதான் கடைசியா எடுத்த போட்டோன்னு நெனச்சிகினன்.”

முன்பின் தெரியாத முகமாக இருந்திருந்தால் அவன் கண்ணில் பட்டிருக்கும். பிரிண்டில் மூக்கு கோணினால்கூடக் கண்டுபிடிக்கிறவன் அவன். தெரிந்த முகம், அதுவும் இளைத்துப்போய்ப் பார்த்த முகம் என்பதால் விட்டுவிட்டான். பந்தலில் துணி விலகியபோதும் இதுவேதான் நடந்திருக்கிறது. படம் கெட்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தம்மா கடைசியில் அப்படித்தானே இருந்தார்? ஆகையால் பழி படத்தின் மேல் விழவில்லை, அனுப்பியவள் மேல் விழுந்தது.

நான் கவிதாவைத் திரும்ப அழைத்து, நீ அனுப்பியது நல்ல படம்தான் என்றேன். அழுதுவிட்டுப் பிறகு சொன்னாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவள் அவள். அப்பா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நோவுக்கு முன்னால் எடுத்த படமாகப் பார்த்து அனுப்பு. துணியை விலக்கியதும், பாகூரில் இருக்கும் அவள் அத்தை, அப்பாவின் அக்கா, எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். “பெத்தவள சாவுற வரிக்கும் நோவாளியா பாத்தது பத்தாதாடி? செவுத்துலயும் நோவாளியாவே மாட்டணுமா?” அன்றுமுதல் அப்பா அவளோடு பேசுவதில்லை. அவள் போனில் இருந்த நல்ல படத்தைக் காட்டியபோது, “இத மொதல்லயே அனுப்பறதுக்கு இன்னா?” என்று எழுந்து போய்விட்டாராம்.

5. முதலாளி

சாரிடம் சொன்னேன். அவர் இரண்டு படத்தையும் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தொழில் தெரிந்த மனிதர்.

“புதுசா ஒண்ணு போட்டு அனுப்பிடு. நல்ல ஃபிரேமா போடு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “காரணம்லாம் சொல்லாத,” என்றார்.

“சார், அந்தப் பொண்ண...”

“தப்பா அனுப்பிட்டன்னு அவங்களே நெனச்சிகினு கீறாங்க இல்ல? கடையா பாத்து வேற படம் போட்டுக் குடுத்திச்சின்னா சந்தோசமா வாங்கிக்குவாங்க. மெஷின்ல தப்புன்னு வெளிய போச்சின்னு வை, இதுவரிக்கும் நம்மகிட்ட படம் வாங்கனவன்லாம் ஆத்தா மொகம் சரியா கீதா, அப்பன் மொகம் சரியா கீதான்னு டேப்ப எடுத்துகினு வந்து நிப்பான்.”

“மெஷின்ல தப்பு இல்ல சார். நான் எழுதுன வரில தப்பு. பூஜ்ஜியம் வருதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிதான் எழுதுனேன்.”

அவர் திரையிலிருந்த இரண்டு படத்தையும் மூடினார்.

“அந்தப் பொண்ணு கிட்ட அப்பா பேசறதில்ல சார். புதுப் படம் மட்டும் போனா, அவ மொதல்ல தப்பா அனுப்புனது உண்மைன்னு ஆயிடும். நான் நேர்ல போயிச் சொல்லிட்டு வரேன்.”

“நான் வேணாம்னா போவாம இருந்துடுவியா?”

“போவேன் சார்.”

“அப்பறம் இன்னாத்துக்கு எங்கிட்ட கேக்குற?” என்று சொல்லிவிட்டு, ஃபிரேம் அறைக்குள் போய், விற்காமல் வைத்திருந்த தேக்கு ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இதற்கு மேல் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கடையை நம்பி ஏழு பேர் சம்பளம் வாங்கினோம். அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது.

அன்றே உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தினேன். ஆன்லோடை முதலில் கட்டி, முகவரியைப் பிறகு கொடுத்து, படம் முழுதாக வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, நேச்சுரல்விட்த் கேட்டு, அதோடு நிற்காமல் சர்வரிலும் ஒருமுறை அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே பிரிண்டுக்கு. ஒத்துப்போகாவிட்டால் ஆர்டர் நிற்கும், கடையிலிருந்து ஒருவர் போன் செய்வார். எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலைதான்.

பழைய லாகையும் தேடினேன். பூஜ்ஜியம் வந்த ஆர்டர்கள் இன்னும் பதினொன்று இருந்தன. அதில் பெரும்பாலானவை ஃபிரேமின் அளவுக்கே வெட்டி அனுப்பிய படங்கள், சேதமில்லை. இரண்டு மட்டும் கெட்டிருந்தன. இரண்டு வீட்டுக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். ஒருவர் திட்டிவிட்டுப் புதுப் படம் வாங்கிக்கொண்டார். இன்னொருவர், “வேணாம்மா, தெனம் இதப் பாத்து வெளக்கு ஏத்திப் பழகிட்டோம். இனிமே வேற மொகம் வந்தா புள்ளைங்க கலங்கிப் பூடும்,” என்றார். அந்தப் பதில் எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

6. சோரியாங்குப்பம்

மறுநாள் காலை ஐயனாரும் நானும் கிளம்பினோம். வீடு அவனுக்குத் தெரியும். இந்த முறை படத்துக்குத் துணி கட்டவில்லை, பேப்பர் மட்டும் சுற்றி எடுத்துப் போனோம்.

வாசலில் பந்தல் பிரித்தாகிவிட்டது. வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், இன்னும் எடுத்துப்போக வரவில்லை. கவிதாவின் அப்பா ஏழுமலை அதிலொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கரும்புக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், காலில் சேறு காயவில்லை. நான் யார் என்று ஐயனார் சொன்னான். அவர் உட்காரச் சொன்னார். குரலில் வரவேற்பும் இல்லை, கோபமும் இல்லை.

“அண்ணா, ஒங்க பொண்ணு சரியான படத்தத்தான் அனுப்பிச்சி. தப்பு எங்க கடையில. நான் செஞ்சது,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “அவ போன் போட்டு வரச் சொன்னாளா?”

“இல்லண்ணா. நானாத்தான் வந்தேன்.”

“ஏம்மா, அவளுக்கோசரம் நீ ஏன் பழிய ஏத்துக்குற? பொம்பளப் புள்ள அழுவுதேன்னு பாக்குற. எனக்குத் தெரியாதா?”

கவிதா வாசற்படிக்குள் நின்றிருந்தாள். வெளியே வரவில்லை.

பேப்பரைப் பிரித்துப் புதுப் படத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வாய் கோணியது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன், அடக்கிக்கொண்டார். “இது நல்லா இருந்தப்ப எடுத்தது. உள்ள மாட்டியிருக்கறது நோவுல எடுத்தது. இது வேற, அது வேற. இன்னாம்மா கத சொல்ற?”

இரண்டும் ஒரே படம் என்றேன். சர்வர், அளவு, ஆயிரம் பிக்சல் என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் என் வாயை நானே மூடிக்கொண்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரிடம் பிக்சல் கணக்குச் சொல்கிற என்னை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. புடவையைப் பாருங்கள், ஒரே புடவை என்றான் ஐயனார். “அந்தப் பொடவய அவ நோவுலயும்தான் கட்னா,” என்றார்.

கவிதா உள்ளே போனாள். சுவரிலிருந்த படத்தை, காய்ந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அவர் மடியிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, பொட்டப் பாரு.”

அவர் குனிந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். எத்தனை முறை இரண்டையும் திரையில் வைத்துப் பார்த்தவள் நான்.

“அம்மா எப்பவும் வட்டப் பொட்டுதான் வெக்கும். நாந்தான் வாங்கியாருவன். இதுல பாரு, வட்டமா கீது. அதுல பாரு.”

பழைய படத்தில் பொட்டு நெடுக்க நீண்டு முட்டையாக நின்றது. ஏழுமலை கட்டைவிரல் நகத்தை ஒரு பொட்டின் மேல் வைத்தார். பிறகு மற்றதன் மேல் வைத்தார். மறுபடி முதலாவதன் மேல்.

“நோவு வந்தா மொகம் எளைக்கும்,” என்றார், யாருக்கென்று இல்லாமல். “பொட்டு எளைக்குமா?”

பிறகு அவர் என்னிடம் பேசியது கொஞ்சம்தான். “நீ வந்து சொன்னது சரி. ஆனா படத்த ஒரு வாட்டிதாம்மா தெறப்பாங்க. அன்னிக்கி வந்த சனம் அத்தினியும் அவள இந்த மொகமாத்தான் பாத்துட்டுப் போயிகீது. அதுக்கு இன்னா பண்ணுவ நீ?”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து போய்க் காலைக் கழுவினார். உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கவிதா இன்னும் தரையில் இரண்டு படத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“அத உள்ள வெச்சிட்டு, இத எடுத்துகினு ஏறு,” என்றார் மகளிடம்.

“எங்கப்பா?”

“படம் பாக்க வந்தவங்க வூட்டுக்குலாம். மொதல்ல பாகூரு. உங்க அத்த வூடு.”

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, தேக்கு ஃபிரேமை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்குத் தெரியும்படி முகத்தை வெளியே திருப்பி வைத்தாள். வண்டி தெருமுனையில் ஒரு வீட்டின் முன்னால் நின்றது. பாகூர்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டுக்காரம்மா வெளியே வந்து படத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வதும், ஏழுமலை கையை நீட்டி மகளைக் காட்டி ஏதோ சொல்வதும் எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. பிறகு வண்டி நகர்ந்து அடுத்த வீட்டின் முன்னால் நின்றது.

அன்று அவர்கள் எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பூஜ்ஜியம் ஓர் அளவு இல்லை, எனக்குத் தெரியாது என்று பிரவுசர் சொல்கிறது. தெரியாததைத் தெரியாது என்றே விட்டு, நிறுத்தி, மனிதரைக் கேளுங்கள். அந்த இடத்தில் நாம் ஒன்றை ஊகித்து எழுதிவிட்டால், நம் திரையில் எல்லாம் சரியாக ஓடும். அந்த ஊகத்துக்கு யாரோ ஒருத்தி தன் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.